ஏப்ரல் 17-ல் கன்று நடாதீர்கள்

மாட்டுத்தாவணியிலும் மதுரையின் மற்ற பகுதிகளிலும் நடிகர் விவேக்கின் நினைவாக மரக்கன்று நடும் ரசிகர்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும், ஆட்டோ ஸ்டாண்டு தோழர்களுக்கும், குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

உங்கள் அன்பைக் குறை சொல்ல இந்த மடல் வரவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நாளைத்தான் குறை சொல்கிறது. ஏப்ரல் 17 என்பது சித்திரை பிறந்த வாரம். அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் இரண்டரை வாரம்தான். பேருந்து நிலையத்துச் சிமென்ட் தளம் காலை பத்து மணிக்கே செருப்பில்லாத காலைச் சுடும் காலம். அன்றைக்குப் போய் ஒரு முழ உயரக் கன்றைச் சாலையோரக் கப்பி மண்ணில் இறக்கி, ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றி, பத்துப் பன்னிரண்டு பேர் அதைத் தொட்டபடி நின்று படம் எடுத்துக்கொள்கிறீர்கள். வைகாசியில் அந்தக் குழியைத் திரும்பப் போய்ப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்?

கேள்வி சுடுகிறதென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலில் நீங்கள் செய்தது சாதாரணக் காரியமில்லை. கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்களித்துவிட்டு முடிவுக்காகத் தமிழ்நாடு காத்திருந்தது. 16-ஆம் தேதி காலை விவேக்குக்கு மாரடைப்பு என்றார்கள். மறுநாள் விடியுமுன், 4.35 மணிக்கு, 59 வயதில் அவர் போய்விட்டார். தேர்தல் நடத்தை விதி நடப்பில் இருந்ததால் தேர்தல் ஆணையத்திடம் அனுமதி கேட்டுத்தான் காவல் துறை மரியாதையே செய்ய முடிந்தது. கூட்டம் கூடக் கூடாது, தொட்டு அழக் கூடாது என்றிருந்த நாளில் ஜனங்கள் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? தங்கள் வீட்டு வாசலில், பள்ளிக்கூட மதிலோரத்தில், பேருந்து நிறுத்தத்தில் ஆளுக்கொரு கன்றை வைத்தார்கள். எந்தக் கட்சியும் சொல்லிச் செய்யவில்லை. சினிமாக்காரர் ஒருவர் செத்தால் பாலாபிஷேகமும் பத்தாள் உயரப் பேனரும்தான் என்றிருந்த மாநிலத்தில் அது புது வழக்கம். அந்த வழக்கம் வீணாகக் கூடாது என்ற கவலையில்தான் இவ்வளவும் எழுதப்படுகிறது.

அவர் உங்களுக்கு அந்நியரும் இல்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மேடை நகைச்சுவை செய்து, கே. பாலசந்தரின் கண்ணில் பட்டு, 1987-ல் ‘மனதில் உறுதி வேண்டும்’ படத்தில் தலைகாட்டினார். 1989-ல் ‘புதுப்புது அர்த்தங்கள்’ வந்தபோது தமிழ்நாடே திரும்பச் சொன்ன அவருடைய வசனம் எதைப் பற்றியது என்று நினைவிருக்கிறதா? சாவைப் பற்றியும், மறுநாள் பால் ஊற்றுவதைப் பற்றியும். அதை இங்கே எழுத வேண்டியதில்லை, உங்கள் வாயிலேயே இருக்கும். சாவுச் சடங்கைக் கிண்டலடித்துப் பேர் வாங்கிய மனிதருக்கு நாம் என்ன சடங்கு செய்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

முதல் சில வாரங்களில் நம் துக்கம் செய்த காரியம் அவ்வளவு அழகாக இல்லை. அதையும் பேசிவிடுவோம்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 15 அன்று, அவர் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டார். அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம் என்று காட்டுவதற்காகவே போனார். மறுநாள் மாரடைப்பு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய் முழுதும் அடைபட்டிருந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஒரே நாளில் வந்து உட்கார்கிற அடைப்பில்லை அது என்று விளக்கியும் பார்த்தார்கள். யார் கேட்டார்கள்? வாட்ஸ்அப்பில் ஊசிதான் கொன்றது என்று தீர்ப்பாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர்களை ஊசிக்குப் போக வேண்டாம் என்று தடுத்தவர்கள் அன்று ஊரெங்கும் இருந்தார்கள். பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு, மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று 2021 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. அதற்குள் இரண்டாம் அலையே வந்து அடித்துவிட்டுப் போய்விட்டது. தடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையை அதே குழுவில் பகிர்ந்தார்கள்?

வண்டியில் இத்தனை நூறு உதிரிபாகம் இருக்க, எலுமிச்சம்பழத்திலா வண்டி ஓடுகிறது என்று திரையில் கேட்டு நம்மைச் சிரிக்க வைத்தவர் அவர். தம் சாவை வைத்து நாம் கட்டிய கதையைக் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு காட்சி எழுதியிருப்பார்.

இந்தக் கோளாறு நமக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். முதலைகளோடு கட்டிப்புரண்ட ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வினை உங்களில் பலர் டிஸ்கவரியிலும் அனிமல் பிளானட்டிலும் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். காக்கி அரைக்கால் சட்டை, உருட்டும் விழி, பாம்பின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. 2006 செப்டம்பர் 4 அன்று, குயின்ஸ்லாந்து கடலோரத்துப் பவளத்திட்டு ஒன்றில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, திருக்கை மீனின் வால்முள் நெஞ்சில் பாய்ந்து 44 வயதில் இறந்தார். அவருடைய உயிரியல் பூங்கா வாசலில் மக்கள் பூவும் கடிதமும் குவித்தார்கள். காக்கிச் சட்டைகளில் கையெழுத்திட்டுத் தொங்கவிட்டார்கள். நாடாளுமன்றத்தில் பிரதமர் ஜான் ஹோவார்டு இரங்கல் சொன்னார். அரசு மரியாதையோடு அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பம் வேண்டாம் என்றது. தம் மகன் சாதாரண மனிதனாக நினைக்கப்படுவதையே விரும்புவான் என்றார் தந்தை.

அதே வாரங்களில் குயின்ஸ்லாந்து கடற்கரையில் வால் அறுக்கப்பட்ட திருக்கைகள் செத்து ஒதுங்கின. யாரோ பழி தீர்த்திருக்கிறார்கள்! திருக்கை ஆளைத் தேடி வந்து குத்துகிற மீனில்லை, மிரண்டால்தான் வாலை வீசும் என்று பாம்பன் மீனவரைக் கேட்டாலே சொல்வார். வாழ்நாளெல்லாம் விலங்கைக் கொல்லாதே என்று கத்தியவருக்காக விலங்கைக் கொன்றிருக்கிறார்கள். இப்படிச் செய்வது ஸ்டீவ் விரும்பியதற்கு நேர்மாறு என்று அவர் தொடங்கிய அமைப்பே வெளியே வந்து சொல்ல வேண்டியதாயிற்று.

ஊசி வேண்டாம் என்று தடுத்த நம் ஆட்களுக்கும், திருக்கை வாலை அறுத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. துக்கம் தாங்காதவர்களுக்கு ஒரு குற்றவாளி வேண்டும். கையில் எது அகப்படுகிறதோ அதன்மேல் பழி விழும்.

அந்தக் கட்டம் நமக்கு முடிந்துவிட்டது, நல்லது. இப்போது பிடித்திருப்பது வேறொரு நோய்: எண்ணிக்கை.

அப்துல் கலாம் விவேக்கிடம் மரம் நடச் சொன்னபோது பேச்சு 10 லட்சத்தில் தொடங்கி ஒரு கோடியில் போய் நின்றது. ‘கிரீன் கலாம்’ என்று பெயர் வைத்துப் பள்ளி பள்ளியாக, கல்லூரி கல்லூரியாக அவர் அலைந்தார். இறக்கும்போது கணக்கு 33 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மீதியை நாம் முடிப்போம் என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிவிலும் அந்த ஒரு கோடி வருகிறது. முடிக்கலாம், தப்பில்லை. ஆனால் எண்ணைத் துரத்துவது இந்த மாநிலத்துக்குப் பழகிய விளையாட்டு. அப்போதைய முதலமைச்சருக்கு 64-ஆம் பிறந்தநாள் என்று 2012-ல் அரசே 64 லட்சம் கன்றுகளை அறிவித்தது. அடுத்த ஆண்டு 65 லட்சம், அதற்கடுத்த ஆண்டு 66. வயது கூடினால் கன்றும் கூடும். மரம் கூடியதா என்பது வேறு கணக்கு, அதற்கு விழா எடுப்பதில்லை.

விவேக் கன்றுகளைக் கொண்டுபோன இடங்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் மாணவர்கள் இருக்கும் இடங்கள். கன்று நட்டவனே மூன்று வருடம் அந்த வளாகத்தில் நடப்பான். மதிய உணவுக்குப் பின் கை கழுவும் தண்ணீர் அதன்மேல் விழும். மாடு நுழைந்தால் காவலாளி விரட்டுவார். சினிமாவில் நேரம் பார்த்து வசனம் விடத் தெரிந்தவருக்கு இதுவும் தெரிந்திருந்தது. நாம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நடுகிற இடங்களோ, மேலூர் சாலையின் நடுத் திட்டும், தேர் போல லாரிகள் உரசிப்போகும் ஓரமும், காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஆடுமாடு மேயும் இடமும்.

மதுரைக்கு ஆண்டில் கிடைக்கும் மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. இது வேளாண் கல்லூரியில் போய்ப் படிக்க வேண்டிய விஷயமில்லை. மேலூர்ப் பக்கம் எந்தப் பாட்டியைக் கேட்டாலும், புரட்டாசியில் குழி எடு, ஐப்பசியில் வை என்பார். ஐப்பசியில் வைத்த கன்று கார்த்திகை முடிய நனைந்து, பங்குனிக்குள் வேரைக் கீழே இறக்கிக்கொள்ளும். முதல் கோடையை ஒருவாறு தாங்கும். சித்திரையில் வைத்தது, வாரம் இரண்டு தடவை குடம் குடமாகத் தண்ணீர் கண்டாலொழிய, ஆடிக் காற்றைப் பார்க்காது.

விவேக் சித்திரையில் இறந்தது நம் துரதிர்ஷ்டம். கன்றுக்கும் அதையே கொடுக்க வேண்டுமா?

நாள் தப்பு என்றால் அஞ்சலியே வேண்டாமா என்று கேட்பீர்கள். அஞ்சலி செய்யத் தெரியாத ஊரில்லை இது. அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் பக்கத்துக் கிராமங்களில் கோயில் காளை இறந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மைதானத்தில் கிடத்தி, மாலையும் வேட்டி துண்டும் சாத்தி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்து, கொட்டு மேளத்தோடு எடுத்துப்போய் அடக்கம் செய்வார்கள். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்கூட ஒட்டுவார்கள். மனிதனுக்குச் செய்வதில் எதுவும் குறையாது. அதோடு ஊர் கலைந்துவிடுவதில்லை. யாராவது ஒரு வீட்டில் நல்ல கன்று பார்த்துக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவார்கள். அது தெருவெல்லாம் மேயும். யார் வீட்டு வாசலில் நின்றாலும் கழனித் தண்ணீர் கிடைக்கும். அடிக்க யாருக்கும் கை வராது. வாடிவாசல் பார்க்கும் வரை அது ஊர்ப்பிள்ளை. செத்த காளைக்கு அந்த ஊர் செய்யும் உண்மையான மரியாதை அந்தக் கன்றுக்கு வைக்கிற தண்ணீர்தான். உங்கள் தெருமுனைப் புங்கங்கன்று அப்படி ஊர்ப்பிள்ளையாகியிருக்கிறதா?

தஞ்சைப் பக்கம் இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர் என்று சொல்லப்படும் ‘நெல்’ ஜெயராமன் 2018 டிசம்பர் 6 அன்று புற்றுநோயில் இறந்தார். திருத்துறைப்பூண்டியில் அவர் நடத்திவந்த நெல் திருவிழாவில் ஒரு விதி உண்டு: 2 கிலோ விதை வாங்கிக்கொண்டு போகும் விவசாயி, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஆள் போன பிறகும் திருவிழா நடந்தது, விதை திரும்பி வந்தது. ஏன் என்றால் வாங்கினவர் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டை அவர் உயிரோடு இருக்கும்போதே பழக்கிவிட்டார். நம் மரக்கன்று விழாக்களில் இல்லாதது அந்தத் ‘திருப்பிக் காட்டு’ மட்டும்தான். கன்று வாங்குபவர் நிறைய. ஒரு வருடம் கழித்து இதோ மரம் என்று காட்டுபவர் எத்தனை பேர்?

ஆஸ்திரேலியர்களின் துக்கமும் திருக்கையோடு நின்றுவிடவில்லை, அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 2007-ல் கேப் யார்க் பகுதியில் 1,35,000 ஹெக்டேர் காட்டை இர்வினின் நினைவாக அரசுப் பணத்தில் வாங்கி ஒதுக்கினார்கள். சிறிது காலத்தில் அதன் ஒரு பகுதியில் பாக்சைட் தோண்ட வேண்டும் என்று ஒரு நிறுவனம் வந்தது. அவர் குடும்பமும் மக்களும் ஆண்டுக்கணக்கில் கையெழுத்து வாங்கிப் போராடி 2013-ல் அதைத் தடுத்தார்கள். படித்ததும் உங்களுக்கு அரிட்டாபட்டி நினைவுக்கு வந்திருக்கும். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பஸ் ஏறினால் சென்றடையும் தூரம். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்துச் சனங்கள் தல்லாகுளம் வரை திரண்டு வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நட்டு வளர்த்த காடு இல்லை அது. இருந்ததைப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவே. நடுவதைவிடப் பார்த்துக்கொள்வது பெரிய வேலை என்று தெரிந்த ஊர்க்காரர்கள்தான் நீங்களும்.

ஆணி விஷயத்தையும் விட முடியாது. வேம்பின் நெஞ்சில் நாலங்குல ஆணி இறக்கி டியூஷன் பலகை, ரியல் எஸ்டேட் பலகை, கூடவே கண்ணீர் அஞ்சலித் தகடு. மரம் நட்டவருக்கு அஞ்சலி சொல்ல மரத்திலேயே ஆணி அடித்தால் அதை என்னவென்று சொல்வது? மதுரைக்காரர்களின் போஸ்டர் வெறி உலகம் அறிந்தது, அதை ஒரே மடலில் நிறுத்த முடியாது. மரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இனி கேட்க வந்ததைக் கேட்டுவிடலாம்.

ஏப்ரல் 17 அன்று புதுக்கன்று எதையும் தொடாதீர்கள். முந்தைய ஆண்டுகளில் நட்டதைத் தேடிப் போங்கள். பழைய புகைப்படங்கள் உங்கள் செல்போனிலேயே இருக்கின்றன. இடம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உயிரோடிருக்கும் ஒவ்வொன்றுக்கும் அடிமண்ணைக் கொத்திவிட்டு, சுற்றிப் பாத்தி கட்டி, குறைந்தது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வேரடியில் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும். அடியில் சின்னத் துளையிட்டுத் துணித்திரி செருகிய மண்பானை ஒன்றைப் பக்கத்தில் புதைத்துவிட்டால் வாரத்தில் இரண்டு முறை அதை நிரப்பினால் போதும். கன்று தடித்த பிறகும் இரும்புக் கூண்டு கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தால் வெட்டி எடுங்கள். ஆணி இருந்தால் பிடுங்குங்கள். செத்துப்போனதை எண்ணுங்கள், கூச்சப்படாமல் அந்த எண்ணையும் வெளியிடுங்கள். உங்கள் பதிவில் ‘இந்த ஆண்டு 500 கன்று’ என்று வருவதைவிட ‘2021-ல் நட்டதில் 11 நிற்கிறது’ என்று வந்தால் அவரே கைதட்டியிருப்பார்.

நடவுக்கு வேறு இரண்டு நாட்கள் இருக்கின்றன, இரண்டும் பொருத்தமானவை. அக்டோபர் 15 கலாமின் பிறந்தநாள். அன்று இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து, செம்மண்ணும் மட்கிய எருவும் போட்டு ஆற விடுங்கள். முதல் மழை குழிக்குள் இறங்கியதும் நடத் தொடங்குங்கள். நவம்பர் 19 விவேக்கின் பிறந்தநாள். அதற்குள் நடவை முடித்துவிடுங்கள். வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை என்று நம் மண் அறிந்த மரமாக, ஆளுயரத்துக்கு வளர்ந்த கன்றாகப் பார்த்து வாங்குங்கள். பாலித்தீன் பையைக் கிழித்து எறிந்துவிட்டு நடுங்கள். பையோடு புதைத்த கன்றுகள் மதுரையில் ஏராளம்.

எத்தனை நடுவது? உங்கள் குழுவில் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வாக்குக் கொடுக்கும் ஆட்கள் எத்தனை பேரோ, அத்தனை கன்று. ஒன்று கூட அதிகம் வேண்டாம். ஐந்து பேர்தான் கை தூக்கினார்கள் என்றால் ஐந்து.

மாணவர்களே, நீங்கள் படிப்பு முடிந்து போகும்போது உங்கள் மரத்தை ஒரு முதலாமாண்டு மாணவன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். ஆட்டோ அண்ணன்களே, ஸ்டாண்டு நிழல் உங்களுக்குத்தான் வேண்டும். ஸ்டாண்டுக்கு இரண்டு மரம் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். பூ மார்க்கெட் வியாபாரிகளே, நினைவு நாளுக்கு மாலை கேட்டு வருபவர்களிடம் ஒன்று குறைத்து வாங்கிக்கொண்டு மிச்சக் காசைத் தண்ணீருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். யாவாரம் கொஞ்சம் குறையும்தான், ஒரு நாள்தானே. சங்கப் பொறுப்பாளர்களே, பேனருக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் ஒரு டேங்கர் தண்ணீருக்குச் சொல்லி வையுங்கள். வரும் ஏப்ரல் 17 காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், குடத்தோடு வாருங்கள்.